பரிப் பயிற்சியில் ஒரு வாழ்நாள்

நம் நாட்டுப் பழங்கதைகளில் பரிநூல் வல்லார்க்குத் தனி மதிப்புண்டு. நாடிழந்து உருமாறிய நளன் இருதுபன்னனிடம் தேர்ப்பாகனாய் அமர்ந்திருந்தகாலை, விதர்ப்ப நாட்டிற்கு ஒரே பகலிற் செல்லவேண்டி நேர்ந்தது. அப்பொழுது அவன் குதிரைப் பந்தியிலிருந்து தேர்ந்தெடுத்தவை பார்வைக்கு மெலிந்த குதிரைகள். இவையோ நம்மை இழுத்துச் செல்வன என்று அரசன் ஐயுற்றான். வழியிற் காற்று முகத்தில் வந்து அறைந்த பின்னரே அவ்வையம் தீர்ந்தது. பாண்டவருள் நகுலனும் விராடன் நகரில் மறைந்துறைந்த ஓராண்டைக் குதிரைப் பந்தியிலேயே கழித்தான்.

பிறர் கண்ணுக்கு மெலிந்ததாய்த் தோன்றும் குதிரையில் ஒளிந்துகிடக்கும் வேகத்தைக் காண்பது எங்ஙனம்? கண்டபின் அதனை ஊறுசெய்யாது வெளிக்கொணர்வது எங்ஙனம்? இவ்விரு வினாக்களுக்கும் விடைதேடுவதிலேயே ஐம்பது ஆண்டுகளைச் செலவிட்ட ஒருவரைப் பற்றி ஈண்டு எழுதப் புகுந்தேன். அவர் அயர்லாந்து தேசத்தவர். பெயர் வின்ஸென்ட் ஓப்ரையன். 1917-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் பிறந்து, 2009-ஆம் ஆண்டு ஜூன் மாதம் மறைந்தவர்.

கல்லூரி மலரில் குதிரைப் பந்தயமா என்று நம் ஆசிரியர்களுட் சிலர் முகஞ்சுளித்தல் கூடும். சூதாட்டத்திற்குப் பரிந்து பேசுதல் என் கருத்தன்று. பந்தயத் திடலில் நிற்போர் பதினாயிரவர் குதிரையின்மேற் பணத்தைக் காண்கின்றனர். அவருள் ஒருவரேனும் குதிரையையே காண்பாராயின், அவர் செய்யும் தொழில் ஆராய்தற்குரியதன்றோ? அவ்வொருவரைப் பற்றியதே இக்கட்டுரை. ஆயினும் அவரும் தம் இளமையிற் பந்தயம் கட்டியவரே என்பதை மறைத்தல் நேர்மையன்று. அதனை உரிய இடத்திற் சொல்லுவேன்.

முதற்கண், பந்தயக் குதிரை என்பது யாது? பதினேழாம் நூற்றாண்டின் இறுதியிலும் பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் கீழ்நாடுகளிலிருந்து இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்ட ஆண்குதிரைகளுள் மூன்று பெயர்பெற்றவை: பையர்லி டர்க், டார்லி அரேபியன், கொடால்பின் அரேபியன். அந்நாட்டுப் பெட்டைகளோடு இவை கூடிப் பெருகிய குலமே தாரோபிரெட் எனப்படுவது. இக்குலத்துக் குதிரை ஒவ்வொன்றின் தாய்தந்தையரும் ஏட்டிற் பதியப்பட்டிருப்பர். ஆயிரம் பவுண்டு எடையுள்ள உடலை மணிக்கு நாற்பது மைல் வேகத்தை ஒட்டிச் செலுத்தும் இப்பிராணியின் கணைக்கால் எலும்போ நம் மணிக்கட்டினும் சிறிதே பருத்தது. வேகம் மிகமிக முறிவும் அண்மையிலேயே நிற்கும்.

பயிற்சியாளர் குதிரைக்கு உடையவர் அல்லர். அதன்மேல் ஏறி ஓட்டுபவரும் அல்லர். குதிரைக்குடையோர் பலர் தத்தம் குதிரைகளை அவர் லாயத்தில் ஒப்படைத்து, வாரக்கட்டணம் செலுத்துவர். வென்ற பரிசில் ஒரு பங்கும் அவரைச் சாரும். காலைதோறும் குதிரைகளைப் புல்வெளியில் நடத்தல், சீராக ஓட்டல், வாரத்தில் ஓரிரு நாள் முழுவேகத்தை ஒட்டி விடல், கால்களைத் தடவி வெப்பம் உண்டோ எனப் பார்த்தல், தீனித்தொட்டியில் மிச்சம் கிடக்கின்றதா என நோக்கல் ஆகிய இவையே அவரது அன்றாடப் பணி. எக்குதிரை எத்தனை தூரத்துக்கு ஏற்றது, எந்நாளிற் பந்தயத்துக்கு விடத்தக்கது, எவ்வேளை ஓய்வு தரத்தக்கது என்று தீர்மானிப்பவரும் அவரே. குதிரை வாய்திறந்து நோவுரைப்பதில்லை. ஆதலின் மருத்துவர்க்குரிய கூர்நோக்கும், குழந்தை வளர்ப்பார்க்குரிய பொறுமையும் ஒருங்கே வேண்டப்படும் தொழில் இது.

ஓப்ரையன் பிறந்த ஊர் கார்க் மாகாணத்துச் சர்ச்டவுன். தந்தையார் டான் ஓப்ரையன் விவசாயி. சிறுபான்மை குதிரை வியாபாரமும் பயிற்சியும் செய்தவர். அவருக்கு இருதாரம், இளையாள் வயிற்றில் தோன்றியவர் நம் வின்ஸென்ட். பதினைந்தாம் வயதிலேயே பள்ளியை விட்டு, சில காலம் பிறிதொரு பயிற்சியாளரிடம் தொழில் பழகி, பின் தந்தைக்குத் துணையானார். 1943-இல் தந்தையார் மறைந்தபோது நிலம் மூத்தாள் மகனுக்குச் சென்றது. இளையவருக்கு எஞ்சியது தொழிலறிவு ஒன்றே. அண்ணனிடம் லாயத்தையும் ஓட்டவெளியையும் வாடகைக்குப் பெற்றே அவர் தனித்தொழில் தொடங்கினார்.

1944-இல் அவரிடமிருந்தவை விரல்விட்டு எண்ணத்தக்க சில குதிரைகளே. அவற்றுள் டிரைபாப், குட் டேஸ் என்னும் இரண்டும் அவ்வாண்டின் இலையுதிர்காலத்து இருபெரும் ஓட்டங்களாகிய ஐரிஷ் கேம்பிரிட்ஜ்ஷயர், ஐரிஷ் செஸரெவிட்ச் என்பவற்றிற் கலந்துகொண்டன. முன்னது முதலிடத்தை வேறொரு குதிரையோடு பகிர்ந்துகொண்டது. பின்னது தனித்தே வென்றது. இரண்டின் மீதும் சேர்த்து ஓப்ரையன் கட்டியிருந்த சில பவுன்கள் ஏறக்குறைய ஆயிரம் பவுனாகத் திரும்பின. தொழிலின் தொடக்க ஆண்டுகளில் இவ்வாறு வந்த பணமே தம்மை நிலைநிறுத்தியதென்பதை அவர் பிற்காலத்தில் ஒளித்ததில்லை. இதனைக் கண்டு அவரைப் போற்றுவாரும் உளர், தூற்றுவாரும் உளர். என் மனத்திற் படுவது இதுவே: மற்றையோர்க்குச் சூதாக நின்றது அவர்க்குத் தம் கணிப்பின்மேல் வைத்த பிணையாக நின்றது, ஆயினும் அதே வழியிற் சென்று அழிந்தோர் பெயர் எந்நூலிலும் எழுதப்படுவதில்லை என்பதையும் மறத்தலாகாது.

இனி அவர் புகழுக்கு வித்திட்ட குதிரையைக் காண்போம். காட்டேஜ் ரேக் என்பது அதன் பெயர். விலைக்கு வந்த அக்குதிரையைச் சோதித்த மருத்துவர் அதன் மூச்சில் குறையுண்டென்று கருதியமையால், வாங்க வந்தோர் கைவிட்டுச் சென்றனர். ஒருமுறையன்று, மீண்டும் மீண்டும் வியாபாரம் முறிந்தது. முடிவில் அதனைப் பெற்றவர் விக்கர்மன் என்னும் கம்பளி வணிகர். அவர் பொருட்டு ஓப்ரையன் பயிற்றினார். மூச்சுக்குறை கூறப்பட்ட அக்குதிரை 1948, 1949, 1950 ஆகிய மூன்றாண்டும் தொடர்ந்து இங்கிலாந்தில் செல்டன்ஹம் தங்கக்கிண்ணத்தை வென்றது. அவ்வோட்டமோ மூன்று மைலுக்கு மேற்பட்டது. வழியெல்லாம் தடைகளைத் தாண்டவேண்டுவது. இறுதியில் மேடேறி முடிவது. மூச்சை இதனினும் கடுமையாகச் சோதிக்கும் களம் அரிது. இருதுபன்னன் ஐயுற்ற குதிரைகளை நினைவுகூர்க.

ஹாட்டன்ஸ் கிரேஸ் என்பது மற்றொன்று. உருவிற் சிறிது, அழகிற் குறைந்தது, வயதில் முதிர்ந்தது. பிறரிடம் பயிற்சி பெற்றுப் பெரும்புகழ் எய்தாமலே 1948-இல் ஓப்ரையனிடம் வந்து சேர்ந்தது. 1949 முதல் 1951 வரை மூன்றாண்டும் செல்டன்ஹத்தில் சாம்பியன் ஹர்டில் என்னும் ஓட்டத்தை அதுவே கொண்டது. மூன்றாம் முறை வென்றபோது அதற்கு வயது பதினொன்று!

1949-இல் இவ்விரண்டையும் காஸில்டெர்மட் என்னும் மூன்றாவதையும் ஆகாய விமானத்திலேற்றி இங்கிலாந்துக்குக் கொண்டுசென்றார். கப்பலிலும் இரயிலிலும் ஏறியிறங்கும் நெடும்பயணத்தால் குதிரை களைப்புறுதலைத் தவிர்க்கவே இம்முயற்சி. அக்காலத்தில் விமானத்தில் மனிதரே அஞ்சியஞ்சி ஏறினர். சென்ற மூன்று குதிரைகளும் அவ்விழாவில் வென்று திரும்பின.

கிராண்ட் நேஷனல் என்னும் பெரும் பந்தயம் லிவர்பூல் நகருக்கு அண்மையிலுள்ள எயின்ட்ரீயில் நடைபெறுவது. தூரம் அந்நாளில் ஏறக்குறைய நாலரை மைல். தாண்டவேண்டிய தடைகள் முப்பது. புறப்படும் குதிரைகளிற் பாதியேனும் முடிவிடம் சேர்ந்தால் வியப்பு. இதனை ஒருமுறை வெல்லும் பயிற்சியாளரே பாக்கியசாலி எனப்படுவர். ஓப்ரையன் 1953-இல் எர்லி மிஸ்ட், 1954-இல் ராயல் டான், 1955-இல் குவேர் டைம்ஸ் என்று மூன்று வெவ்வேறு குதிரைகளைக் கொண்டு மூன்றாண்டு தொடர்ந்து வென்றார். முன்னும் பின்னும் இதனைச் செய்தார் எவரும் இலர்.

இவற்றுள் ராயல் டானின் கதை நம் கருத்துக்கு ஏற்றது. 1951-இல் இரண்டாவதாய் வந்தது. 1952-இல் கடைசித் தடையில் வீழ்ந்தது. தடையை நெருங்குங்கால் ஜாக்கி தன்னைக் கடிவாளத்தால் ஏவுவதை அக்குதிரை பொறாது என்று ஓப்ரையன் கண்டார். விட்டுவிட்டால் தானே அளந்து தாண்டும், தூண்டினாலோ தடுமாறும். ஆதலின் பிரையன் மார்ஷல் என்னும் கைதேர்ந்த ஜாக்கியைத் தம் ஊருக்கு வரவழைத்து, அதன்மேல் சும்மா இருக்கப் பழக்கினார். சும்மா இருத்தலின் அருமையை நம் பெரியோர் எத்தனையோ வகையாற் பாடியிருக்கின்றனர். குதிரைமேல் அமர்ந்து அதனைச் செய்தல் இன்னும் அரிது போலும். 1954-இல் ராயல் டான் ஒரு கழுத்தளவில் வென்றது.

அதே ஆண்டில் முதல் இடி விழுந்தது. ராயல் டான் முதலாய நான்கு குதிரைகள் ஒரு பந்தயத்தில் ஒருவிதமாகவும் மறுபந்தயத்தில் வேறுவிதமாகவும் ஓடின என்றும், அதற்கு ஓப்ரையன் கூறிய சமாதானம் திருப்தி தரவில்லை என்றும் சொல்லி, பந்தய அதிகாரிகள் அவரது உரிமையை மூன்று மாதம் நிறுத்திவைத்தனர். குதிரை இயந்திரமன்று என்பதே அவர் தரப்பினர் விடை.

இதற்குள் 1951-இல் அவர் திப்பெரரி மாகாணத்தில், காஷல் என்னும் ஊரையடுத்த பாலிடாயில் பண்ணையை விலைக்கு வாங்கியிருந்தார். அவ்வாண்டே ஆஸ்திரேலியா தேசத்துப் பெர்த் நகரினராகிய ஜாக்குலின் அம்மையாரை மணந்ததும். பண்ணை அப்பொழுது வேலிகளும் மேடுகளுமாய்ப் பிரிந்துகிடந்த வயல்நிலம். வேலிகளை அகற்றி நிலத்தைச் சமப்படுத்திப் புல்வளர்த்து நெடிய ஓட்டவெளிகளாக்கினர். காலப்போக்கில், இங்கிலாந்தின் டெர்பி நடைபெறும் எப்ஸம் களத்தில் இறக்கத்தோடு கூடிய இடப்புற வளைவு ஒன்றுண்டே, அதனைப் போன்ற வளைவும் அங்கே அமைக்கப்பட்டது. பரீட்சை மண்டபத்தைப் போலவே வீட்டில் ஓர் அறை அமைத்துப் பையனைப் படிக்கவைத்தல் போன்றது இது.

தடைதாண்டு ஓட்டத்தில் எய்துதற்கரியன யாவும் எய்தியபின், அவர் அதனைக் கைவிட்டுத் தடையில்லாச் சமவெளி ஓட்டத்துக்குத் திரும்பினார். ஒருதுறையிற் பேர்பெற்றோர் மறுதுறையிற் புகுந்து மாணவராய்த் தொடங்குதல் எளிதன்று. தடைதாண்டும் குதிரை ஐந்தாறு வயதுக்குமேல் முதிர்ந்து பத்துவயதளவும் ஓடும். சமவெளிக் குதிரைக்கோ இரண்டாம் மூன்றாம் வயதுகளே வாழ்வின் உச்சி. ஆங்குப் பொறுமைக்கு இடமுண்டு. ஈங்கு ஒருமாதம் தவறினால் ஒருபிறவி தவறியதாகும். எனினும் 1957-இல் பாலிமாஸ் என்னும் குதிரை ஐரிஷ் டெர்பியையும் இங்கிலாந்தின் செயின்ட் லெஜரையும் வென்றது. அயர்லாந்தில் பயிற்றப்பட்ட குதிரை ஒன்று செயின்ட் லெஜரை வென்றது அதுவே முதல்முறை. மறுவருஷம் பாரிஸ் நகரில் நடக்கும் பேர்போன ஆர்க் பந்தயத்தையும் அதுவே வென்றது.

நிற்க. 1960-ஆம் ஆண்டின் நிகழ்ச்சியைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். ஏனெனில் அதில் ஒரு மனிதரின் பெயரே துலாக்கோலில் நின்றது. அவ்வாண்டு வசந்தகாலத்தில் கர்ரா திடலில் சிறு பந்தயமொன்றை ஷாமூர் என்னும் அவரது குதிரை வென்றது. வழக்கப்படி எடுக்கப்பட்ட சோதனையில் ஊக்கமூட்டும் மருந்தொன்றின் மிகச்சிறு சாயல் காணப்பட்டதாக அறிக்கை வந்தது. எவர் கொடுத்தார், எப்பொழுது கொடுத்தார், எதற்காகக் கொடுத்தார் என்பவற்றுள் ஒன்றும் தெளியப்படவில்லை. பெரும்பரிசு இல்லாத அப்பந்தயத்தில், எவ்விதமும் வெல்லக்கூடிய குதிரைக்கு மருந்திட்டுத் தம் புகழனைத்தையும் ஒருவர் பணயம் வைப்பாரா என்று கேட்டவர் பலர். ஆனால் அக்காலத்து விதி கேள்விக்கு இடந்தருவதன்று: குதிரையின் உடலில் மருந்திருந்தால் பயிற்சியாளரே பொறுப்பு. பதினெட்டு மாதத் தடை விதிக்கப்பட்டது. தடையென்றால் குதிரை பயிற்றலாகாது என்பது மட்டுமன்று. பந்தயத் திடலில் கால்வைத்தலாகாது. தம் லாயமும் இல்லமும் ஒன்றாயிருந்த பாலிடாயிலில் தங்குதலும் ஆகாது!

தம்பியாகிய பான்ஸி ஓப்ரையன் உரிமத்தை ஏற்று லாயத்தைக் காத்தார். அவ்வாண்டே அதே ஷாமூர் ஐரிஷ் டெர்பியில் ஓடிற்று. வென்றது. வென்ற குதிரை திரும்பியபோது திடலிற் கூடியிருந்த ஜனத்திரள், எங்களுக்கு வின்ஸென்ட் வேண்டுமென்று ஒருமுகமாய்க் கூவிற்றாம். கூவியவர் காதிற்கு எட்டாத தூரத்தில் அவர் இருந்தார். பின்னர்த் தடைக்காலம் ஓராண்டாகக் குறைக்கப்பட்டு, அவர் 1961-இல் தம் லாயத்துக்கு மீண்டார். குற்றம் செய்தானை நிரூபித்துத் தண்டிப்பது ஒன்று; குற்றம் நிகழ்ந்த இடத்துக்கு உடையவனைத் தண்டிப்பது மற்றொன்று. பந்தயத் தூய்மையைக் காக்கப் பின்னதே வழியென்று விதிசெய்தோர் கருதினர். அவர்கள் அச்சத்துக்குக் காரணமில்லாமலில்லை. ஆயினும் ஒருவன் வாழ்நாள் முழுதும் சேர்த்த நற்பெயரை, யார் இட்டதென்றறியாத ஒரு துளிக்காகப் பறிப்பது நீதியாகுமா என்பதை நம் கல்லூரித் தர்க்கசபையார் ஒருநாள் வாதித்துப் பார்க்கலாம்.

மீண்ட மறுவருஷமே, 1962-இல், லார்க்ஸ்பர் என்னும் குதிரை அவருக்கு முதலாவது எப்ஸம் டெர்பியைத் தந்தது. அவ்வோட்டத்தில் ஏழு குதிரைகள் வீழ்ந்தமையால், இது பிறர் விபத்தால் வந்த வெற்றி என்றாரும் உளர். 1968-இல் ஸர் ஐவர் வந்து அப்பேச்சுக்கு முற்றுப்புள்ளி வைத்தது.

இனி நிஜின்ஸ்கி. மூன்றுவயதுக் குதிரைகளுக்கென இங்கிலாந்தில் ஏற்பட்ட பெரும் பந்தயங்களுள் மூன்று சேர்ந்து மும்முடி எனப்படும். மே மாதத் தொடக்கத்தில் நியூமார்க்கெட்டில் ஒருமைல் தூரத்து இரண்டாயிரம் கினி, ஜூன் மாதத்தில் எப்ஸத்தில் ஒன்றரை மைல் டெர்பி, செப்டம்பரில் டான்காஸ்டரில் ஒன்றேமுக்கால் மைலை மிஞ்சிய செயின்ட் லெஜர். குறுந்தூர வேகமும் நெடுந்தூரத் தாங்குவலியும் ஓருடலில் அமைதல் அரிது. 1935-இல் பஹ்ராம் என்னும் குதிரை வென்றபின் முப்பத்தைந்தாண்டு எதுவும் மும்முடி சூடவில்லை.

1968-இல் எங்கல்ஹார்ட் என்னும் அமெரிக்கச் செல்வர், கனடாவில் ரிபோ என்னும் பொலிகுதிரையின் குட்டி ஒன்றைப் பார்த்துவருமாறு ஓப்ரையனை அனுப்பினார். சென்றவர்க்குப் பார்க்கச் சென்ற குட்டி பிடிக்கவில்லை. அப்பண்ணையிலேயே நின்ற வேறொரு குட்டியின்மேற் கண்விழுந்தது. அதன் தந்தை நார்தர்ன் டான்ஸர்; 1964-இல் கென்டக்கி டெர்பி வென்றதாயினும் உருவிற் சிறியது; அதன் வழியினர்க்கு அப்பொழுது ஐரோப்பாவில் பெயரில்லை. ஓப்ரையன் சொல்லை நம்பி எங்கல்ஹார்ட் 84,000 டாலருக்கு அதனை வாங்கினார். கனடாவில் ஓராண்டுக் குட்டிக்கு அதுவரை எவரும் கொடாத விலை அது.

பாலிடாயிலுக்கு வந்த குட்டி ஓட்ஸைத் தொடவில்லை. கனடாவில் உருண்டைத் தீனி தின்று பழகியது அது. அத்தீனியைக் கடல்கடந்து வரவழைக்க ஏற்பாடாயிற்று; வந்துசேர்ந்த நாளில் குட்டி தானாகவே ஓட்ஸைத் தின்னத் தொடங்கியிருந்தது! குழந்தை பெற்ற தாய்மார் இதனைப் படித்து நகைப்பர். ஆனால் அதன் கோபம் நகைப்புக்குரியதன்று. லாயத்தை விட்டு வெளிவர மறுக்கும், பின்காலில் எழுந்து நிற்கும், வியர்த்துக்கொட்டும். உடையவருக்கு இதுபற்றி ஓப்ரையனே கவலையோடு எழுதவேண்டியதாயிற்று. அவர் அடித்து அடக்க முயலவில்லை. அமைந்த கையும் வலிய உடலுமுடைய சவாரிக்காரரைத் தேர்ந்து, நாள்தோறும் அவரையே ஏறச்செய்து, குதிரையின் மனம் தானே இசையும்வரை காத்திருந்தார்.

1970-இல் இரண்டாயிரம் கினியை வென்று, டெர்பிக்காக எப்ஸம் சேர்ந்தது நிஜின்ஸ்கி. ஓட்டத்துக்கு முந்தின நாள் குதிரை வியர்த்து, தரையைக் குளம்பாற் கீறத் தொடங்கிற்று, வயிற்றுச்சூலை. மருத்துவர் ஊசி குத்தினால் நொடியில் நோவு தணியும். ஆனால் ஊசிமருந்து மறுநாட் சோதனையில் தெரியும். பத்தாண்டுக்கு முன் ஒரு துளியால் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டவர் அங்கு நின்ற நிலையை எண்ணிப்பாருங்கள். மருந்து தரவுங்கூடாது, வாளாவிருக்கவுங்கூடாது. தவிட்டோடு சோடா உப்புக் கலந்து தின்னக் கொடுத்தனர். சிறிது பச்சைப்புல்லும் தந்தனர். ஒன்றரை மணிநேர அளவில் நோவு நீங்கிற்று. மறுநாள் லெஸ்டர் பிகட் ஏறிச் செலுத்த, நிஜின்ஸ்கி டெர்பியை எளிதில் வென்றது.

ஆகஸ்ட் மாதத்தில் படர்தாமரை கண்டு, மயிர் உதிர்ந்து, சேணம் கட்டவும் இயலாத நிலை வந்தது. பயிற்சி தடைப்பட்டது. ஆயினும் செப்டம்பரில் செயின்ட் லெஜரையும் வென்று மும்முடி சூடிற்று. அதன்பின் அரை நூற்றாண்டு கடந்தும் மும்முடி சூடிய ஆண்குதிரை வேறில்லை. அக்டோபரில் பாரிஸில் ஒரு தலையளவில் தோற்றது. நோயுற்றெழுந்த குதிரைக்குச் செயின்ட் லெஜரின் நெடுந்தூரம் மிகையாயிற்று என்பதே பலர் கருத்து. மும்முடியைக் கைவிட்டிருந்தால் ஆர்க் கிட்டியிருக்குமோ? கிட்டியிருக்கலாம். எதனையும் முழுதும் பெற ஒன்றை இழக்கவேண்டிய கணக்கு இத்தொழிலிலும் உண்டு.

1972-இல் ராபர்ட்டோ மூக்களவில் டெர்பியை வென்றது. 1977-இல் தி மின்ஸ்ட்ரல். அது செம்பழுப்பு நிறம். நான்கு கால்களும் வெள்ளை. நம்மவர் சுழி பார்த்துக் குதிரை வாங்குவது போல, அந்நாட்டாரும் நாற்கால் வெண்மையைக் குற்றமெனக் கருதுவர். உருவமும் சிறிது. ஓப்ரையனோ அதில் நிஜின்ஸ்கியின் குடிவழியைக் கண்டார்: தந்தை அதே நார்தர்ன் டான்ஸர், நிஜின்ஸ்கியின் தாயே இதற்குத் தாய்வழிப் பாட்டி. எப்ஸத்தில் ஜனங்களின் ஆரவாரத்துக்கு அது வெருளாதிருக்க, காதுகளிற் பஞ்சடைத்து அழைத்துச் சென்றார். பஞ்சுக்கு எந்தச் சோதனையும் இல்லை. டெர்பியும் ஐரிஷ் டெர்பியும் கைவந்தன.

இக்காலத்தில் ராபர்ட் ஸாங்ஸ்டர் என்னும் செல்வரும், ஓப்ரையனின் மருமகனார் ஜான் மாக்னியரும் அவரோடு கூட்டுச்சேர்ந்திருந்தனர். அமெரிக்காவிலே ஓராண்டுக் குட்டிகளை வாங்கி, பாலிடாயிலிற் பயிற்றி, வென்றவற்றைப் பொலிகுதிரைகளாக்கிப் பன்மடங்கு பொருள் ஈட்டுவதே அவர்கள் திட்டம். சில ஆண்டுகள் அது வியக்கத்தக்கவாறு பலித்தது. பின்னர் அரபுநாட்டு இளவரசரும் ஏலத்திற் புகுந்தனர். விலை விண்ணை முட்டிற்று. 1985-இல் நிஜின்ஸ்கியின் மகனொன்றுக்கு இக்கூட்டத்தார் கொடுத்த விலை ஒரு கோடியே முப்பத்தொரு லட்சம் டாலர்! ஸியாட்டில் டான்ஸர் எனப் பெயரிடப்பட்ட அது இரு பந்தயங்களை வென்றதாயினும், முதற்றரப் பந்தயம் ஒன்றையும் வெல்லவில்லை. எவரும் வேண்டாமென்ற காட்டேஜ் ரேக்கையும், உலகமே விரும்பிய இக்குதிரையையும் அருகருகே நிறுத்திப் பார்த்தால், ஓப்ரையனின் வாழ்வில் முற்பகுதியே எனக்குப் பெரிதாய்த் தோன்றுகிறது. பின்னதில் பணமும் கண்ணும் சேர்ந்து வென்றன. முன்னதில் கண் மட்டும் வென்றது.

1982-இல் கோல்டன் பிளீஸ் என்னும் குதிரையால் ஆறாவது எப்ஸம் டெர்பியும் அவருக்கு வாய்த்தது. ஏழாவதுக்காக 1984-இல் எல் கிரான் ஸென்யோர் வந்தது. அதுகாறும் தோல்வி கண்டறியாத குதிரை. இறுதி இரண்டு பர்லாங்கில் அதனை ஓட்டிய ஜாக்கி இன்னும் கடிவாளத்தை இறுக்கிப் பிடித்தபடியே வர, பார்த்தோரெல்லாம் பந்தயம் முடிந்ததென்றே எண்ணினர். அப்பொழுது புறத்தே ஸெக்ரட்டோ என்னும் குதிரை நெருங்கிற்று. இரண்டும் தோளோடு தோள் சேர்ந்து ஓடின. முடிவிடத்தில் ஸெக்ரட்டோவே மிகக்குறுகிய அளவில் முந்திற்று. இரண்டும் நார்தர்ன் டான்ஸரின் மக்கள். ஸெக்ரட்டோவைப் பயிற்றியவர் ஓப்ரையனின் சொந்தக் குமாரர் டேவிட்! தம்மைவிடத் தம் மக்கள் அறிவுடையராதல் இனிதென்பார் நம் நாட்டார். கோடிக்கணக்கான பொருளும் ஏழாவது டெர்பியும் நொடியிற் கைநழுவிய அவ்விடத்தில் அவ்வினிமை முழுதும் இனித்ததோ, சிறிது கசந்ததோ, அத்தந்தையார்க்கே தெரியும். நான்கு ஆண்டுகளுக்குப்பின் டேவிட் பயிற்சித் தொழிலையே விட்டுவிட்டார்.

1987-இல் பொதுமக்களிடம் பங்கு திரட்டிக் குதிரை வாங்கும் கம்பெனி ஒன்றை ஓப்ரையன் முன்னின்று தொடங்கினார். குதிரைகள் பெரும்பாலும் ஏமாற்றின. பங்குதாரர்க்கு நட்டமே மிஞ்சிற்று. அவற்றுள் தப்பியது நிஜின்ஸ்கியின் மகனாகிய ராயல் அகாடமி. 1990 அக்டோபரில், ஐந்தாண்டு ஓய்விலிருந்த லெஸ்டர் பிகட்டை மீண்டும் ஜாக்கியாய் வரத் தூண்டியவருள் ஓப்ரையனும் ஒருவர். மீண்டு வந்த சில நாட்களுக்குள், ஐம்பத்துநான்கு வயதுடைய பிகட், நியூயார்க்கில் பெல்மான்ட் களத்தில் ராயல் அகாடமிமேல் ஏறி பிரீடர்ஸ் கப் மைல் ஓட்டத்தில் புறப்பட்டார். தொடக்கத்திற் பின்தங்கிய குதிரை கடைசி எட்டுகளில் ஒவ்வொன்றாய்க் கடந்து, ஒரு கழுத்தளவில் வென்றது. ஓப்ரையனுக்கு அப்பொழுது வயது எழுபத்துமூன்று.

1994-இல் அவர் ஓய்வு பெற்றார். கணக்கெடுத்தோர் கண்டது: இங்கிலாந்தின் கிளாஸிக் பந்தயங்கள் 16, அயர்லாந்தின் கிளாஸிக் பந்தயங்கள் 27, ஆர்க் 3. தடைதாண்டு ஓட்டத்தில் இருமுறையும் சமவெளி ஓட்டத்தில் இருமுறையும் பிரிட்டனின் முதன்மைப் பயிற்சியாளர் என்னும் நிலை. பாலிடாயில் லாயத்தில் அவருக்குப்பின் அமர்ந்தவர் எய்டன் ஓப்ரையன். பெயர் ஒன்றாயினும் உறவினர் அல்லர். மூத்தவர் 1984-இல் பயிற்றி ஓட்டிய ஸாட்லர்ஸ் வெல்ஸ் என்னும் குதிரை பொலிகுதிரையாகிப் பதினான்குமுறை முதன்மை பெற்றது. அதன் மகனாகிய கலிலியோவை எய்டன் 2001-இல் எப்ஸத்துக்கு அழைத்துச் சென்று டெர்பி வென்றார். எப்ஸத்து இறக்கத்தைப் போல அன்று அமைத்த வளைவிலேயே கலிலியோவும் பழகிற்று.